சுவர்ப் பல்லியும் வீட்டுப் பூச்சியும்

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்ததாம் என்பது பழமொழி. பிறர்க்கு வருவதை உரைக்கும் பல்லி தனக்கு வருவதை அறியவில்லையே என்னும் எள்ளல் இதில் உண்டு. ஆயினும், இதைச் சொல்லிச் சிரிப்பவரே சுவரில் பல்லி ஒலித்ததும் பேச்சை நிறுத்தித் திசை பார்ப்பர். அதே பல்லி சோற்றுப் பானையருகே வந்தால், நஞ்சென்று அஞ்சித் துடைப்பத்தைத் தேடுவர். குறி சொல்வதாகவும் நஞ்சுடையதாகவும் கருதப்படும் இச்சிற்றுயிர், உண்மையில் வீட்டில் செய்யும் தொழில் யாது?

பல்லியின் ஒலியை நிமித்தமாகக் கொள்ளும் வழக்கம் மிகப் பழமையானது. அகநானூற்றிலும் நற்றிணையிலும் இதற்குச் சான்றுகள் உள்ளன. நற்றிணையின் 98ஆம் பாட்டில், தினைப்புனத்துள் நுழைய வந்த காட்டுப்பன்றி, பக்கத்தில் பல்லி ஒலித்ததைக் கேட்டு மெல்லப் பின்வாங்கிச் செல்கின்றது. விலங்கும் நிமித்தம் பார்த்ததாகப் புலவர் அமைத்த இக்காட்சி, அக்கால மக்களிடையே இந்நம்பிக்கை எத்துணை வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும்.

மலேசியா, சிங்கப்பூர் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது, வெளிறிய நிறமுடைய ஹெமிடாக்டைலஸ் ஃபிரெனேட்டஸ் என்னும் இனம். ‘சக் சக்’ என்னும் அதன் ஒலியைக் கொண்டே மலாய் மொழியில் அதற்குச் ‘சிச்சாக்’ என்னும் பெயர் அமைந்தது என்பர். இவ்வொலியைப் பெரிதும் எழுப்புவது ஆண் பல்லி. ‘இச்சுவர் என் எல்லை’ என்று மற்றோர் ஆணுக்கு அது விடுக்கும் எச்சரிக்கையே நம் செவிக்குச் சகுனமாகின்றது.

மாலையில் விளக்கேற்றியவுடன் பல்லி வெளிப்படுவதை எவரும் கண்டிருப்பர். விளக்கை நாடிப் பூச்சிகள் வருகின்றன. பூச்சிகளை நாடிப் பல்லி வருகின்றது. ஈசல், அந்துப்பூச்சி, கொசு, சிலந்தி, கரப்பான் குஞ்சு ஆகியவை அதன் இரை. மழை ஓய்ந்த மாலையில் ஈசல்கள் விளக்கைச் சூழும்போது, ஒரே சுவரில் பல பல்லிகள் கூடிவிடும். இவ்வினம் ஹவாய் முதலிய பசிபிக் தீவுகளில் குடியேறியபின், விளக்கொளி வீழும் கட்டடச் சுவர்களிலிருந்து அங்கு முன்னரே வாழ்ந்த சிறு பல்லியினத்தை விலக்கிவிட்டது. ஒளியருகே குவியும் இரையை விரைந்து பற்றும் ஆற்றலே அதன் வெற்றிக்குக் காரணம்.

நஞ்சைப் பற்றிய அச்சத்தில் உண்மையும் பிழையும் கலந்துள்ளன. வீட்டுப் பல்லிக்கு நஞ்சுப்பை இல்லை. ஆனால் அதன் எச்சத்தில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருத்தல் கூடும். அது வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும். ஆகவே பல்லி விழுந்த உணவை நீக்குவது தக்க செயலே. பல்லியை அடிப்பதால் கிட்டும் பயன் சிறிது. அடிபட்டால் அது வாலைக் கழற்றிவிட்டு ஓடும். வால் மீண்டும் வளரும். எனினும் வாலில் சேர்த்துவைத்த கொழுப்பை இழப்பதால் அதற்கு அது பேரிழப்பாகும்.

பல்லி கொசுவைத் தின்பதால் டெங்கி வாராது என எண்ணுதலும் தவறு. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. பல்லியோ இரவில் வேட்டையாடுவது. பூச்சாடித் தட்டிலும் வாளியிலும் தேங்கிய சிறிதளவு நீரிலேயே அக்கொசு பெருகும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும். அந்நீரைக் கொட்டுதல் மனிதர் கடமை. பல்லி அதனைச் செய்யாது.

அவ்வாறாயின், எல்லாப் பூச்சிகளையும் மருந்தடித்து ஒழித்துவிடலாமே என வினவுவோர் சரவாக்கில் நடந்ததை அறிதல் நன்று. 1950களில் மலேரியாவை ஒழிக்கும் நோக்குடன் அங்கு வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. முதலிய மருந்துகள் தெளிக்கப்பட்டன. பின்னர்ப் பூனைகள் மாண்டன, எலிகள் பெருகின. 1960இல் பிரிட்டிஷ் விமானப்படை, கெலாபிட் மேட்டுநிலத்திலுள்ள பாரியோவில் பாரசூட் மூலம் பூனைகளை இறக்கியது. மருந்துண்ட பூச்சியைப் பல்லி தின்றது, பல்லியைப் பூனை தின்றது என்று இதனைப் பலரும் விளக்குவர். மருந்து படிந்த தம் மயிரை நக்கியே பூனைகள் இறந்தன என்பாரும் உளர். எவ்வழியாயினும், கொசுவுக்கு வைத்த நஞ்சு கொசுவோடு நிற்கவில்லை என்பது தெளிவு.

வீட்டில் பல்லிகள் மிகுந்திருப்பின் அங்கே பூச்சிகள் மிகுந்துள்ளன என்பதே பொருள். பல்லி உரைக்கும் மெய்யான குறி அஃதொன்றே. வேண்டாத விளக்கை அணைத்து, எச்சிற் பாத்திரங்களை இரவிலேயே கழுவி, குப்பைக் கூடையை மூடிவைத்தால் பூச்சிகள் குறையும்; பூச்சிகள் குறைந்தால் பல்லிகளும் தாமே குறையும். எஞ்சியுள்ள ஓரிரு பல்லிகள் சுவரில் தம் தொழிலைச் செய்துகொண்டிருக்கட்டும். சோற்றுப் பானைக்கும் கழுநீர்ப் பானைக்கும் மூடியிட்டுவிட்டால், அவற்றில் துள்ளி விழப் பல்லிக்கு வழியில்லை.