சபையின் வருடம் டிசம்பரில் தொடங்குகின்றது

2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்கள் கலைந்தன. 2025 மே 6 இல் தேர்தல் நடந்து, ஜூன் 2 இல் புதிய பதவிக்காலம் ஆரம்பிக்கும்வரை நமது கிராமங்களின் வீதி விளக்கும் வடிகானும் அதிகாரிகள் வசமே இருந்தன.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளிடம் ஒப்படைத்த கருமங்கள் அற்பமானவையல்ல. கிராமிய வீதி, சந்தை, நூலகம், கழிவகற்றல், மயானம் எல்லாம் அவற்றினுள் அடங்கும். எந்த ஒழுங்கையில் மழைவெள்ளம் தேங்கும் என்பதை வட்டார உறுப்பினரே அறிவார்.

எனினும் வருட இறுதி வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெறாத மதகை, அடுத்த ஏப்ரலில் கேட்டுப் பெறுவது அரிது. அறுதிப் பெரும்பான்மையற்ற சபைகளிலோ தமிழ் வட்டாரத்துக்கு ஒரு வீதி, முஸ்லிம் வட்டாரத்துக்கு ஒரு வீதி எனப் பேரம் நடக்கின்றது. வடிகானோ இரு ஊர்களுக்கும் ஊடாகவே ஓடுகின்றது! சோலைவரி செலுத்தும் நாம் அந்தத் திட்ட ஆவணத்தை 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரிப் பெறலாம்.