தூரிகைக்குப் படியளப்பவர்கள்

1943-ல் நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்தார் ஓவியர் ஜாக்சன் போலக். அதே ஆண்டு பெக்கி குக்கன்ஹைம் என்ற செல்வந்தப் பெண்மணி அவருக்கு மாதம் 150 டாலர் தருவதாக ஒப்பந்தம் போட்டார். இரண்டு ஆண்டு கழித்து, லாங் ஐலண்டில் வீடு வாங்க 2,000 டாலர் கடனும் கொடுத்தார். அந்த வீட்டுக் கொட்டகையின் தரையில் துணியை விரித்து, வண்ணத்தைச் சொட்டவிட்டு வரைந்த ஓவியங்கள்தான் போலக்குக்கு உலகப் புகழைத் தேடித்தந்தன. அவர் மனைவி லீ கிராஸ்னரும் ஓவியர். கைமுடையின் வலி தெரிந்தவர். 1984-ல் இறந்தபோது தன் சொத்தைக் கஷ்டப்படும் கலைஞர்களுக்கென்று விட்டுப்போனார். மறு ஆண்டே போலக்-கிராஸ்னர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது.

கும்பகோணத்து ஓவியரும் அங்கே விண்ணப்பிக்கலாம். நாடு தடையில்லை, கட்டணமும் இல்லை. ஆனால் விதிகளில் ‘யாருக்கு இல்லை’ என்ற பகுதி ஒன்று இருக்கிறது. ஓவியர், சிற்பி, அச்சு ஓவியர், தாளில் வரைபவர் ஆகியோருக்குக் கதவு திறக்கும். புகைப்படக்காரர், வீடியோ கலைஞர், விளம்பர ஓவியர், மாணவர் ஆகியோருக்குத் திறக்காது. கனடாவின் மாண்ட்ரியலில் 1955-ல் தொடங்கிய எலிசபெத் கிரீன்ஷீல்ட்ஸ் அறக்கட்டளையின் கணக்கு வேறு. அது வளரும் கலைஞர்களுக்கானது. ஆனால் மனிதரோ மரமோ, பார்த்ததும் இன்னதென்று தெரியும் உருவ ஓவியமாக இருக்க வேண்டும். அரூப ஓவியம் எத்தனை அழகாக இருந்தாலும் அங்கே எடுபடாது.

நல்கை தேடுபவர்கள் பெரும்பாலும் தொகையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது இந்த ‘இல்லை’ பட்டியலை. பத்து இடங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பி, பத்திலும் பதில் வராமல் மனம் நொந்துபோகிறவர்களில் பலர் திறமைக் குறைவால் தோற்பதில்லை. தங்களுக்கில்லாத வாசலில் நின்று தட்டுகிறார்கள்.

உள்ளூர் வாசல்களும் உண்டு. மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயதுக்குட்பட்ட இளங்கலைஞர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 5,000 ரூபாய் என்ற கணக்கில் உதவித்தொகை தருகிறது. 25 முதல் 40 வரை இளநிலை ஆய்வுநல்கை, மாதம் 10,000. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முதுநிலை, 20,000. இசை, நாட்டியம், நாடகத்தோடு ஓவியம், சிற்பம், புகைப்படம், மட்பாண்டம் எல்லாம் இதில் அடங்கும். பெயர்தான் மாதக் கணக்கு; பணம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவணையாகத்தான் வரும், வேலையின் அறிக்கையும் கொடுக்க வேண்டும். வாடகையை இதை நம்பி ஒத்துக்கொள்ளக் கூடாது. இன்றைய விலைவாசியில், நல்ல கான்வாஸும் எண்ணெய் வண்ணமும் வாங்கினால் 5,000 ரூபாய் எங்கே போனதென்று தெரியாது. ஆனாலும் முதல் நல்கை அடுத்த விண்ணப்பத்துக்கு ஒரு சான்றாகிறது என்பதால் அதை அலட்சியப்படுத்த முடியாது.

தமிழில் மட்டுமே சரளமாக எழுதத் தெரிந்தவர்கள் அறியவேண்டிய இடம், பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ். 1993-ல் உருவான இந்தத் தனியார் அறக்கட்டளைக்கு எந்த இந்திய மொழியிலும் திட்டத்தை எழுதி அனுப்பலாம். ஆங்கிலத்துக்குப் பயந்து, யாரிடமோ காசு கொடுத்து, தனக்கே புரியாத நடையில் ‘கலைஞர் கூற்று’ எழுதி வாங்குபவர்கள் ஏராளம். அந்தக் கூற்றில் தேர்வுக்குழு தேடுவது தத்துவத்தை அல்ல. என்ன செய்கிறீர்கள், எதைக் கொண்டு செய்கிறீர்கள், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பவைதாம். படங்களும் அப்படியே. கண்ணாடிச் சட்டத்தில் டியூப்லைட் மின்ன எடுத்த செல்போன் படம் நல்ல ஓவியத்தைக் கெடுத்துவிடும். சட்டத்தைக் கழற்றி, நிழலில் பகல் வெளிச்சத்தில் நேராக எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

நல்கை பணம் தரும் என்றால், ‘ரெசிடென்சி’ என்ற உறைவிடத் திட்டம் இடமும் நேரமும் தரும். தங்க அறை, வேலைக்குக் கூடம், சில இடங்களில் சாப்பாடும் படித்தொகையும். நேரம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை ஓவியர் தையப் மேத்தா சாட்சி. 1968-ல் ராக்ஃபெல்லர் நிதியில் நியூயார்க் போனார். அங்கே பார்னெட் நியூமனின் பரந்த வண்ணப் பரப்புகளைப் பார்த்தார். திரும்பி வந்தபின் அவர் ஓவியங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சாய்கோடு ஓடத் தொடங்கியது. அந்தக் கோடுதான் பிறகு அவர் முத்திரையானது.

இந்தியாவில், 1997-ல் தொடங்கிய டெல்லியின் கோஜ் அமைப்பு இப்படி இடம் கொடுத்துவருகிறது. இளைஞர்களுக்கென்றே ‘பியர்ஸ்’ என்ற திட்டமும் அங்குண்டு. கொழும்பில் 2000-ல் தொடங்கிய தீர்த்த கலைஞர் கூட்டமைப்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வெளிநாட்டு இடங்களைத் தேட ரெஸ் ஆர்டிஸ், ட்ரான்ஸ் ஆர்டிஸ்ட்ஸ் என்ற இரண்டு பட்டியல்கள் போதும். அதில் ஓர் எச்சரிக்கை: ‘தேர்வாகிவிட்டீர்கள், வாழ்த்துகள்’ என்று கடிதம் வரும், கடைசி வரியில் வாரத்துக்கு இத்தனை யூரோ என்று கட்டணமும் இருக்கும். அதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது உதவியுமல்ல, விடுதி. விமானக் கட்டணம் யாருடையது, விசாவுக்குக் கடிதம் தருவார்களா, வரைந்த ஓவியம் யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புவதே நல்லது.

யாருடைய படிக்கும் காத்திராமல் சென்னையில் நடந்தது இன்னொரு கதை. ஓவியக் கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரை ஓரத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தது. காலையில் பத்திக், மீதிப் பொழுதில் ஓவியம் என்று வாழ்ந்தவர்கள் கட்டிய அந்தக் கிராமத்தில், வெளியூரிலிருந்து வரும் கலைஞர்கள் தங்கி வேலை செய்யவும் இடம் வைத்திருக்கிறார்கள்.