கணிப்பொறித் திரையில் மூன்று சோதனைகள்

கரும்பலகையில் ஆசிரியர் ஒரு நாற்கரம் வரைகிறார். அதைப் பார்த்து நீங்களும் நோட்டில் ஒரு நாற்கரம் வரைகிறீர்கள். பிறகு, "எந்த நாற்கரத்தை எடுத்துக்கொண்டாலும் இது பொருந்தும்" என்று கூறி அவர் ஒரு தேற்றத்தை எழுதுகிறார். ஆனால் உங்கள் முன் இருப்பது ஒரே ஒரு நாற்கரம்தானே? மற்ற நாற்கரங்களுக்கும் அது பொருந்தும் என்று எப்படி நம்புவது?

இத்தகைய கேள்விகளுக்கு உதவ இன்று பல கணிப்பொறிக் கருவிகள் உள்ளன. இங்கே 'கருவி' என்பது மென்பொருளைக் குறிக்கும். மாணவர்கள் இவற்றைக் காசு கொடுக்காமலே பெறலாம். மூன்று கருவிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சோதனை செய்து பார்ப்போம். ஒரே ஒரு நிபந்தனை: பொத்தானை அழுத்துமுன், என்ன நடக்கும் என்று ஊகித்து நோட்டில் எழுதிவிட வேண்டும். இது ஏன் என்பது போகப்போக விளங்கும்.

நகரும் நாற்கரம்

முதல் கருவியின் பெயர் ஜியோஜிப்ரா. ஜியாமெட்ரி, அல்ஜிப்ரா ஆகிய இரண்டு சொற்களையும் இணைத்துச் செய்த பெயர் இது. ஆஸ்திரியா நாட்டின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001ஆம் ஆண்டில் தம் முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வாக இதைத் தொடங்கினார்.

இதில் நான்கு புள்ளிகளைக் குறித்து அ, ஆ, இ, ஈ என்று பெயரிடுங்கள். அவற்றை இணைத்தால் ஒரு நாற்கரம் கிடைக்கும். இனி ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியையும் குறியுங்கள். அஆ என்ற பக்கத்தின் நடுப்புள்ளி க. ஆஇ பக்கத்தில் ச. இஈ பக்கத்தில் ட. ஈஅ பக்கத்தில் த. இந்த நான்கு நடுப்புள்ளிகளையும் வரிசையாக இணைத்தால் உள்ளே என்ன வடிவம் கிடைக்கும்? ஊகித்து எழுதிவிட்டீர்களா? இப்போது இணைத்துப் பாருங்கள்.

அது ஓர் இணைகரம்! தற்செயலாக அமைந்ததோ? 'அ' என்ற புள்ளியைப் பிடித்து இழுங்கள். நாற்கரம் நெளிகிறது, நீள்கிறது, கோணலாகிறது. உள்ளே இருக்கும் வடிவமும் கூடவே மாறுகிறது. ஆனால் அது இணைகரமாகவே இருக்கிறது. காகிதத்தில் நூறு படங்கள் வரைந்து அறியவேண்டியதை அரை நிமிடத்தில் பார்த்துவிட்டோம். வாரினோன் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் பெயரால் இத்தேற்றம் வழங்குகிறது. அவர் மறைந்தபின், 1731ஆம் ஆண்டில், இது அச்சில் வெளிவந்தது.

சரி, இதை நிரூபித்துவிட்டோமா? இல்லை! கருவி காட்டியது சில நூறு நாற்கரங்களைத்தான். நாற்கரங்களோ எண்ணற்றவை. மேலும், ஜியோஜிப்ரா வழக்கமாக அளவுகளை இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கியே காட்டும். 89.998 பாகையும் திரையில் 90 பாகையாகவே தெரியும்.

பல முறை சரியாக வந்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்துடன் அதே எண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். 0 என்றால் 41. 1 என்றால் 43. 2 என்றால் 47. 3 என்றால் 53. எல்லாம் பகா எண்கள். இப்படியே 39 வரை செய்தாலும் பகா எண்ணே கிடைக்கும். நாற்பது முறை தொடர்ந்து வென்ற விதி அல்லவா! ஆனால் 40ஐப் போட்டுப் பாருங்கள்: 1600 + 40 + 41 = 1681. இது 41ஐ 41ஆல் பெருக்கி வரும் எண். விதி உடைந்துவிட்டது.

ஆகவே, பார்ப்பது வேறு, நிரூபிப்பது வேறு. நாற்கரத்துக்குத் திரும்புவோம். அஇ என்ற மூலைவிட்டத்தை வரையுங்கள். நாற்கரம் இரண்டு முக்கோணங்களாகப் பிரிகிறது. அஆஇ என்ற முக்கோணத்தில் க, ச ஆகியவை இரு பக்கங்களின் நடுப்புள்ளிகள். நடுப்புள்ளித் தேற்றத்தின்படி, கச என்ற கோடு அஇக்கு இணை. நீளத்தில் அதில் பாதி. மற்ற முக்கோணத்தில் தட என்ற கோடும் அவ்வாறே அஇக்கு இணை, அதில் பாதி. எனவே கச, தட ஆகிய இரண்டும் ஒன்றுக்கொன்று இணை, சமமும்கூட. எதிர்ப்பக்கங்கள் ஒரு சோடி சமமாகவும் இணையாகவும் இருந்தால் அது இணைகரமே. நிரூபித்தாயிற்று! இனி நாற்கரத்தை எத்தனை கோடி முறை இழுத்தாலும் அச்சமில்லை.

மூலைவிட்டத்தை வரையவேண்டும் என்ற எண்ணத்தைக் கருவி தராது. அது உங்களுக்குத்தான் தோன்றவேண்டும். ஆனால் எதை நிரூபிக்கவேண்டும் என்று அது காட்டிக் கொடுத்தது. உள்ளே இருக்கும் இணைகரம் எப்போது செவ்வகமாகும்? எப்போது சாய்சதுரமாகும்? இவற்றை நீங்களே இழுத்துப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள்.

சந்திரனில் ஓர் ஊசல்

இரண்டாவது கருவி ஃபெட் எனப்படும் பாவனைச் சோதனைகளின் தொகுப்பு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002ஆம் ஆண்டில் இதைத் தொடங்கியவர் கார்ல் வீமன். போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளை ஆய்வகத்தில் உருவாக்கியதற்காக 2001ஆம் ஆண்டில் இயற்பியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர். (அப்பெயரில் உள்ள போஸ், நம் நாட்டு விஞ்ஞானி சத்யேந்திரநாத் போஸ்தான்.) இத்தகைய விஞ்ஞானி பள்ளிப் பிள்ளைகளும் கையாளும் கருவியில் அக்கறை காட்டியது குறிப்பிடத்தக்கது.

இத்தொகுப்பில் உள்ள தனி ஊசல் சோதனையைத் திறங்கள். ஊசலின் நீளத்தையும் குண்டின் நிறையையும் விருப்பம்போல் மாற்றலாம். எந்தக் கோளில் சோதனை நடக்கிறது என்பதையும் மாற்றலாம்! குண்டின் நிறையை இரண்டு மடங்காக்கினால் அலைவு நேரம் என்ன ஆகும்? ஊகத்தை எழுதுங்கள்; பிறகு சோதியுங்கள். பெரும்பாலோர் மாறும் என்றே எழுதுவார்கள். ஆனால் அலைவு நேரம் மாறுவதில்லை. ஊகம் பொய்த்த இடத்தில்தான் பாடம் மனத்தில் தைக்கிறது. முன்கூட்டியே எழுதிவைக்கச் சொன்னதன் காரணம் இதுவே. எழுதாமல் விட்டால், "எனக்கு முன்பே தெரியும்" என்று மனம் நம்மையே ஏமாற்றிவிடும்.

இப்போது நீளத்தை 1 மீட்டராக வையுங்கள். பூமியில் அலைவு நேரம் ஏறத்தாழ 2 விநாடி. அதே ஊசல் சந்திரனில் ஏறத்தாழ 4.9 விநாடி எடுத்துக்கொள்ளும். வியாழனிலோ 1.3 விநாடிக்கும் குறைவு. பட்டியலில் பெயர் சொல்லப்படாத ஒரு கோளும் இருக்கிறது. அதன் ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவு? மீட்டரில் அளந்த நீளத்தை 39.5ஆல் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் விடை கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். "வீச்சு சிறியதாக இருக்கவேண்டும்" என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். ஏன் என்று கேட்டதுண்டா? ஊசலை 10 பாகை விலக்கி விடுங்கள். பிறகு 90 பாகை விலக்கி விடுங்கள். இரண்டாம் முறை அலைவு நேரம் ஏறத்தாழ 18 சதவீதம் கூடுகிறது. பாடநூலில் உள்ள சூத்திரம் சிறிய வீச்சுக்கு மட்டுமே பொருந்தும் என்பது இப்போது கண்கூடு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்த ஊசலில் உராய்வே இல்லாமல் செய்துவிடலாம். அப்போது அது நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். உலகில் அப்படி ஓர் ஊசல் உண்டா? இல்லை. திரையில் ஆடுவது குண்டு அன்று. குண்டின் இயக்கத்தை விளக்கும் சமன்பாடு. சமன்பாட்டில் எழுதாதது திரையில் நடக்காது. நூல் நீளாது; முடிச்சு நழுவாது; மின்விசிறிக் காற்று வந்து தள்ளாது.

ஆகவே, பாவனைச் சோதனை முடிந்ததும் ஒரு நூலையும் கல்லையும் எடுங்கள். கட்டிய இடத்திலிருந்து கல்லின் நடு வரை 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து 20ஆல் வகுங்கள். ஏறத்தாழ 1 விநாடி வரவேண்டும். வந்ததா? வராவிட்டால் ஏன்? திரையில் கிடைக்காத பாடம் அங்கே தொடங்குகிறது.

கலிலியோவின் வானம்

மூன்றாவது கருவி ஸ்டெல்லேரியம். பிரெஞ்சு நாட்டினரான ஃபாபியன் ஷெரோ தொடங்கிய இந்த மென்பொருள், கணிப்பொறித் திரையை ஒரு கோளரங்கமாக மாற்றிவிடுகிறது. முதலில் உங்கள் ஊரையும் இன்றைய தேதியையும் கொடுங்கள். இன்றிரவு எந்தக் கோள் எங்கே தெரியும் என்று காட்டும். 2019 டிசம்பர் 26 என்று மாற்றிக் கோவையைத் தேர்ந்தெடுங்கள். அன்று காலை தமிழ்நாட்டில் தெரிந்த கங்கண சூரிய கிரகணம் திரையில் மீண்டும் நடக்கும்.

இனி நம் சோதனை. ஊர்: இத்தாலியில் உள்ள பாதுவா. தேதி: 1610 ஜனவரி 7. நேரம்: சூரியன் மறைந்து ஒரு மணிக்குப் பின். அன்றுதான் கலிலியோ தம் தொலைநோக்கியை வியாழன் பக்கம் திருப்பினார். வியாழனுக்குக் கிழக்கே இரண்டும் மேற்கே ஒன்றுமாக மூன்று சிறு விண்மீன்களைக் கண்டதாக அவர் குறித்துவைத்தார்.

திரையில் வியாழனைப் பெரிதாக்கிப் பாருங்கள். எத்தனை துணைக்கோள்கள் உள்ளன? நான்கு! கலிலியோ தவறாக எண்ணிவிட்டாரா? இல்லை. அன்று அயோ, யூரோப்பா ஆகிய இரண்டும் மிக நெருங்கி நின்றன. அவரது தொலைநோக்கியால் அவற்றைப் பிரித்துக் காட்ட முடியவில்லை. இரண்டும் ஒரே புள்ளியாகத் தெரிந்தன.

கலிலியோ செய்தது என்ன? ஒரே இரவோடு நிறுத்திவிடவில்லை. மறுநாள் பார்த்தபோது மூன்றும் மேற்கே இருந்தன. தொடர்ந்து பார்த்துப் படம் வரைந்தார். ஜனவரி 13ஆம் நாள் நான்காவதையும் கண்டார். அவை விண்மீன்கள் அல்ல, வியாழனைச் சுற்றி வருபவை என்ற முடிவுக்கு வந்தார். எல்லாம் பூமியையே சுற்றுகின்றன என்ற பழைய எண்ணம் அதனால் ஆட்டங்கண்டது. அவர் கையில் இருந்த கருவிக்கு ஓர் எல்லை இருந்தது. ஆனால் அவர் கேள்வி அந்த எல்லையில் நின்றுவிடவில்லை.

ஸ்டெல்லேரியத்துக்கும் எல்லை உண்டு. அது காட்டுவது கணக்கிட்ட வானம். கண்ட வானம் அன்று. இன்று மாலை ஒரு புதிய வால்மீன் தோன்றினால், யாராவது வானத்தைப் பார்த்து அதன் பாதையைக் கணித்துச் சேர்க்கும்வரை அதற்கு அது தெரியாது. ஆகவே திரையில் பார்த்ததை மொட்டைமாடியில் ஏறிச் சரிபாருங்கள். நிலையாகப் பிடித்த சாதாரண இரு கண் தொலைநோக்கியிலேயே வியாழனின் துணைக்கோள்களைக் காணலாம்.

இலவசமும் கட்டற்றதும்

காசு வாங்காத மென்பொருளை இலவச மென்பொருள் என்கிறோம். கட்டற்ற மென்பொருள் என்பது அதற்கும் ஒரு படி மேல். அதன் உள்ளே எழுதியிருக்கும் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். 1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கத்தால் இக்கருத்து பரவியது. ஸ்டெல்லேரியம் இவ்வகையைச் சேர்ந்தது. வியாழனின் துணைக்கோள்களை அது எப்படிக் கணக்கிடுகிறது என்று ஐயம் எழுந்தால், நிரலைத் திறந்தே பார்த்துவிடலாம். 'அது அப்படித்தான்' என்ற பதிலை விஞ்ஞானம் ஏற்பதில்லை அல்லவா?

'இலவசம்' என்று அழைக்கும் எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது. பெயர், தொலைபேசி எண், புகைப்படம் என்று கேட்டுக்கொண்டே போனால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆசிரியரைக் கேளுங்கள். மேலே கூறிய சோதனைகளைச் செய்ய இவை எதுவும் தேவையில்லை. ஒரு முறை இறக்கிவைத்துக்கொண்டால், இணைய இணைப்பு இல்லாமலும் இவற்றைச் செய்யலாம். வகுப்புக்கு ஒரு கணிப்பொறிதான் உண்டா? அதுவும் நல்லதே. ஒருவர் இயக்க, மற்றவர்கள் ஊகித்து எழுதலாம்; யார் ஊகம் சரி என்று வாதாடலாம்.

நாற்கரத்தை இழுத்தது கருவி. மூலைவிட்டத்தை வரைந்தது நீங்கள். ஊசலைச் சந்திரனில் ஆட்டியது கருவி. கல்லைக் கட்டி அளந்தது நீங்கள். புதிய கருவி எது கைக்கு வந்தாலும் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நான் என்ன எதிர்பார்த்தேன்? இது என்ன காட்டுகிறது? எதைக் காட்டாமல் விடுகிறது? மூன்றாவது கேள்விக்கு விடை தேடத் தொடங்கியவர் விஞ்ஞானியாகவே ஆகத் தொடங்கிவிட்டார்.