ஆற்றுப் படகுக்கு ஏற்ற நங்கூரச் சங்கிலி

கரங்கான், மாகாங், சிடிம் வட்டாரத் தோட்டங்களில், காலை வெட்டு முடிந்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிற்பகலில் தூண்டிலுடன் ஆற்றுக்குப் புறப்படும் தொழிலாளர் பலர் உளர். மூடா ஆற்றில் கிடைக்கும் பெரிய ஆற்று இறாலைப் பிடிக்க, இருவர் மூவர் கூட்டாகச் சேர்ந்து 12 அடி அல்லது 14 அடிப் படகொன்றை வாங்கி வைத்திருப்பதும் உண்டு. படகு வாங்கும்போது இயந்திரத்தைப் பற்றிப் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். தூண்டிலையும் நரம்பையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் நங்கூரம் என்று வரும்போது, வீட்டின் பின்புறம் கிடந்த ஏதோ ஒரு சங்கிலி போதும் என்று விட்டுவிடுகிறோம். படகில் இருப்போரின் உயிர் அந்தச் சங்கிலியை நம்பியே இருக்கிறது என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம்.

நங்கூரம் தன் எடையால் மட்டுமே படகை நிறுத்துகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில், அதன் கொக்கிகள் மணலிலோ சேற்றிலோ புதைந்து பற்றிக்கொள்வதே படகை நிறுத்துகிறது. மண்வெட்டியைத் தரையில் ஊன்றி, பிடியைத் தாழ்த்தி நம் பக்கம் இழுத்தால் அது மண்ணைக் கவ்வுகிறது. பிடியை மேலே தூக்கினால் எளிதாகப் பெயர்ந்து வந்துவிடுகிறது. நங்கூரமும் அப்படியே. வெறும் கயிற்றை மட்டும் கட்டினால், படகு ஆடும்போதெல்லாம் கயிறு நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும். இடையில் சில அடி இரும்புச் சங்கிலி இருந்தால், அது தன் எடையால் ஆற்றின் அடியில் படிந்து, இழுப்பைத் தரையோடு தரையாகச் செலுத்தும். சங்கிலியின் முதல் வேலை இதுவே. கல்லிலும் மரவேரிலும் உராய்ந்து கயிறு அறுந்துவிடாமல் காப்பது இரண்டாவது வேலை. கப்பல்களில் சணல் வடங்களை ஒதுக்கிவிட்டு இரும்புச் சங்கிலியைக் கையாளத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். வடம் பாறையில் தேய்வதும் ஈரத்தில் மக்குவதும் அதற்கு முக்கியக் காரணங்களாகும்.

இங்கே சிமெண்டு டின்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பால்மாவு டின்னில் சிமெண்டுக் கலவையை ஊற்றி, ஒரு கம்பி வளையத்தைப் பதித்து, அதையே நங்கூரமாகப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. செலவில்லாத ஏற்பாடுதான். ஆனால் எப்பொருளும் நீரில் மூழ்கும்போது, அது விலக்கும் நீரின் எடையளவுக்குத் தன் எடையை இழக்கிறது. 10 கிலோ இரும்பு நீருக்குள் ஏறக்குறைய 8.7 கிலோவாக இருக்கும். அதே 10 கிலோ சிமெண்டுக் கட்டியோ 6 கிலோவுக்கும் குறைந்துவிடும். மேலும் உருண்டையான டின்னுக்குக் கவ்வும் கொக்கி ஏது? குளத்துக்கு அது போதும். ஓடும் ஆற்றுக்கு உதவாது. நீரோட்டத்தின் வேகம் இரு மடங்கானால், படகின்மீது அதன் இழுப்பு நான்கு மடங்காகிறது. காலையில் படகை அசையாமல் நிறுத்திய டின், மலையில் மழை பெய்த பிற்பகலில் படகோடு சேர்ந்து உருண்டுபோவது இதனாலேயே.

இனி, எந்தச் சங்கிலி? 16 அடிக்கு உட்பட்ட படகுக்கு 6 மில்லிமீட்டர்ச் சங்கிலி ஏற்றது. இந்த அளவு வளையத்தின் அகலமன்று; வளையம் செய்யப்பட்ட கம்பியின் கனமாகும். கடையில் இதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். 'ரந்தாய் சாவ்' என்று மலாயில் கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். குட்டை வளையச் சங்கிலி மீட்டருக்குச் சுமார் 800 கிராம் எடை இருக்கும். சங்கிலியின் நீளம் படகின் நீளத்துக்குக் குறையாதிருப்பது நலம். 14 அடிப் படகுக்கு 4.3 மீட்டர் என்று கொண்டால், மொத்தம் 3 கிலோவுக்குச் சற்று மேல். ஓர் ஆள் எளிதாகத் தூக்கலாம். 8 மில்லிமீட்டர்ச் சங்கிலி மீட்டருக்கு 1.4 கிலோ. அவ்வளவு பாரம் சிறு படகின் முனையில் தேவையில்லை என்பதே நம் கருத்து.

வளையத்தைக் கையில் எடுத்துக் கூர்ந்து பாருங்கள். கம்பியின் இரு முனைகளும் சேருமிடம் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். வெறுமனே வளைத்து முடுக்கிய சங்கிலி நாயைக் கட்டவும் விளக்கைத் தொங்கவிடவும் ஆகும். பலமாக இழுத்தால் வளையம் வாய் பிளந்துவிடும். ஜெர்மானியத் தர விதிப்படி செய்யப்பட்ட 6 மில்லிமீட்டர்ச் சங்கிலி 1,600 கிலோ அளவு இழுப்பைத் தாங்கவேண்டும். விலை மலிந்த சங்கிலிகளுக்கு இத்தகைய உறுதி ஏதும் இல்லை. மோட்டார் சைக்கிளின் பழைய சங்கிலியைக் கட்டுவோரும் இருக்கின்றனர். அது ஒரே திசையில் மட்டும் மடங்குவது. நீரில் கிடந்து துருவேறினால் மூட்டுகள் இறுகிக் கம்பிபோல் ஆகிவிடும்.

துத்தநாகம் பூசிய சங்கிலியே வேண்டும். அதிலும் இருவகை உண்டு. பளபளவென்று மின்னுவது மின்சார முறையில் மெல்லிதாகப் பூசப்பட்டது. ஒரு மழைக்காலத்துக்குள் துரு தலைகாட்டும். மங்கிய சாம்பல் நிறத்தில், தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருப்பது உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்தது. விலை கூடினாலும் பல ஆண்டு உழைக்கும். எவர்சில்வர்ச் சங்கிலிக்குப் பணம் செலவழிக்க வேண்டிய அவசியம் ஆற்றுப் படகுக்கு இல்லை.

சங்கிலி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதை நங்கூரத்தோடு இணைக்கும் ஷேக்கிள் அற்பமானதாக இருந்தால் பயனில்லை. 6 மில்லிமீட்டர்ச் சங்கிலிக்கு, வளையத்துள் நுழையும் அளவுக்குள் ஒரு படி பெரிய ஷேக்கிளை வாங்குங்கள். அதன் திருகாணி நீரோட்டத்தின் அதிர்வில் மெல்லக் கழன்றுவிடும். ஆகவே அதன் காதில் மெல்லிய கம்பியைக் கோத்துக் கட்டிவிட வேண்டும். சங்கிலியின் மறுமுனையில் 10 மில்லிமீட்டர் நைலான் கயிறு பொருத்தமானது. அது இழுபடும்போது சற்று நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு நீரில் மிதந்து இயந்திரத்தின் விசிறியில் சிக்கக்கூடியது.

கயிறு எவ்வளவு விடுவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். ஆழத்துடன், நீர்மட்டத்திலிருந்து படகின் முனை வரையுள்ள உயரத்தையும் கூட்டிக்கொண்டு, ஓடும் நீரில் அதைப்போல் ஐந்து மடங்காவது விட வேண்டும். ஆழம் 3 மீட்டர், முனை அரை மீட்டர் என்றால், சங்கிலியும் கயிறும் சேர்ந்து 17.5 மீட்டர். இப்போது நீர் 2 மீட்டர் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கயிறு மூன்று மடங்குக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடுகிறது. இழுப்பு செங்குத்தாகி, ஒன்று நங்கூரம் பெயரும். அது எதிலாவது சிக்கியிருந்தால், படகின் முனை நீருக்குள் இழுக்கப்படும். கடும் நீரோட்டத்தில் சங்கிலியும் விறைத்து நேராகிவிடுவதால், அதன் எடையை மட்டும் நம்பிக் கயிற்றைச் சுருக்குவது ஆபத்து.

இது வெறும் கணக்கன்று. நம் மாநிலத்தின் ஆறுகள் மலையில் பிறப்பவை. மேலே பெய்த மழை, கீழே வானம் வெளுத்திருக்கும்போதே திடீரென வந்து சேரும். மலாயில் இதனைக் கெப்பாலா ஆயர் என்பர். 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையடிவாரத்திலும், 2022 ஜூலையில் பாலிங் மாவட்டத்துக் கூப்பாங்கிலும் வெள்ளம் மரக்கட்டைகளை அடித்துக்கொண்டு இறங்கியதை நாடே கண்டது. அப்படியொரு கட்டை நங்கூரக் கயிற்றில் குறுக்கே மாட்டிக்கொண்டால், படகை விடுவித்தே ஆக வேண்டும். ஆகவே கயிற்றின் கடைமுனையில் காலியான எண்ணெய்க் கலன் ஒன்றை மிதவையாகக் கட்டி வையுங்கள். ஆபத்து வரும்போது கயிற்றை அப்படியே நீரில் விட்டுவிட்டுக் கரை சேரலாம். நீர் வடிந்தபின் மிதவையைத் தேடிச் சென்று சங்கிலியை மீட்கலாம். முனையருகில் கூரான கத்தி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி படகின் அடியில் கிடப்பதில் பயனில்லை. உடலில் இருக்க வேண்டும்.

நங்கூரம் ஆற்றின் அடியில் கிடக்கும் மரத்தில் சிக்குவது அன்றாடச் சங்கடம். இதற்கு எளிய வழி உண்டு. சங்கிலியை நங்கூரத்தின் மேல்வளையத்தில் மாட்டாமல், கொக்கிகள் சேரும் அடிப்பகுதியில் ஷேக்கிளால் பூட்டுங்கள். பிறகு தண்டின் வழியே மேலே கொணர்ந்து, மேல்வளையத்தோடு மெல்லிய கயிற்றால் கட்டிவிடுங்கள். வழக்கமான இழுப்பை அந்தக் கட்டுத் தாங்கும். சிக்கிக்கொண்டால், படகை மேலோட்டப் பக்கம் செலுத்திப் பலமாக இழுக்க, கட்டு அறுந்து, நங்கூரம் தலைகீழாகக் கழன்று வரும். கட்டும் கயிறு எவ்வளவு கனமாக இருக்கலாம் என்பதை ஆழமில்லாத இடத்தில் இரண்டொரு முறை சோதித்தறிவது நன்று.

நங்கூரக் கயிற்றைப் படகின் முன்முனையில்தான் கட்ட வேண்டும். தூண்டில் போட வசதி என்று பின்புறத்தில் கட்டுவது பெருந்தவறு. பின்பலகை தாழ்ந்தது, இயந்திரத்தின் பாரமும் அங்கேயே இருக்கிறது. நீரோட்டம் அதன்மேல் ஏறிப் படகை நிரப்ப அதிக நேரமாகாது. நங்கூரத்தை வீசி எறியாமல் கைகையாக இறக்குங்கள். சங்கிலி காலடியில் சுருண்டு கிடக்காமல், ஒதுக்கிய பால்வாளி ஒன்றில் கிடக்கட்டும்.

வீடு திரும்பியதும் சங்கிலியைக் கழுவி நிழலில் தொங்கவிடுங்கள். கோல மூடாவின் கழிமுகத்துக்குச் சென்று வந்தால் உப்புப் போக நல்ல நீரில் கழுவுவது மிக அவசியம். பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் இருக்கும் கொட்டகையில் சங்கிலியைப் போட்டு வைக்காதீர்கள். அமிலம் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். ஆண்டுக்கொரு முறை சங்கிலியைத் தலைமாற்றிப் பூட்டினால் தேய்மானம் இருபுறமும் பரவும். வளையங்கள் ஒன்றோடொன்று உராயும் உட்புறத்தை அளந்து பாருங்கள். 6 மில்லிமீட்டர் 5.4 ஆகக் குறைந்திருந்தால், அந்தச் சங்கிலியை வாசற்கதவுக்குப் பயன்படுத்திக்கொண்டு படகுக்குப் புதியது வாங்குங்கள்.