விரலிடுக்கில் ஒரு கூழாங்கல்!

நடக்கும்போது செருப்புக்குள் ஒரு சின்னக் கல் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறதா? கழற்றி உதறிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. மறுபடி நாலு எட்டு வைத்தால், மூன்றாவது விரலுக்கும் நான்காவது விரலுக்கும் நடுவில் 'சுரீர்' என்று கரண்ட் ஷாக் மாதிரி ஒரு வலி! சிலருக்கு அந்த இரண்டு விரல்களும் மரத்துப் போகும். உட்கார்ந்து கொஞ்சம் நீவிவிட்டால் சரியாகிவிடும். எக்ஸ்ரே எடுத்தால் 'நார்மல்' என்று வரும். அவ்வளவுதான்... "உனக்கு எப்பப் பார்த்தாலும் ஒரு வலி!" என்று வீட்டில் ஆரம்பித்துவிடுவார்கள்.

வலி நிஜம்தாங்க. எலும்பைக் காட்டுகிற எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது.

இதற்கு 'மார்ட்டன் நியூரோமா' என்று பெயர். விரல்களுக்குப் போகும் நரம்பு, பாத எலும்புகளுக்கு நடுவே நசுங்கி நசுங்கித் தடித்துப் போகிறது. சிலர் இதைக் கட்டி என்பார்கள். பயப்படாதீர்கள், புற்றுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முன்பக்கம் குறுகலான செருப்பும் ஹை ஹீல்ஸும் வலியைக் கிளப்பிவிடும். அதிகம் அவஸ்தைப்படுவது பெண்கள்தான். 1845-லேயே விக்டோரியா மகாராணியின் பாத வைத்தியர் டர்லாக்கர் இதைப்பற்றி எழுதிவிட்டார். பெயர் என்னவோ 1876-ல் எழுதிய அமெரிக்க சர்ஜன் மார்ட்டனுக்குப் போய்விட்டது!

இதைக் கண்டுபிடிக்க, கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறோமே, அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவுகிறது. ஆனால், உடம்பில் வைக்கிற கருவி வேறு. நரம்பு தோலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நுண்ணிய அலைகள் வேண்டும். ஜெல் தடவி, கருவியை உள்ளங்காலில் வைத்தபடி டாக்டர் பாதத்தை இருபக்கமும் சேர்த்து அமுக்குவார். எலும்புகளுக்கு நடுவிலிருந்து கறுப்பாக ஒரு தடிப்பு 'டிக்'கென்று நழுவுவது திரையில் தெரியும். முல்டர் என்ற டாக்டர் 1951-ல் கையால் தொட்டு உணர்ந்து சொன்ன அடையாளம் இது.

அமுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். "இங்கேதான் டாக்டர், இதே வலிதான்" என்று சொல்லுங்கள். ஏனென்றால், வலியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் இந்தத் தடிப்பு தெரிவதுண்டு. படத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. மூட்டில் நீர் கோத்திருந்தாலும் ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு பாதமும் ராத்திரியில் எரிகிறதா? அது வேறு சமாச்சாரம். முதலில் ரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள்.

நியூரோமாதான் என்று தெரிந்தால், முன்பக்கம் அகலமான, குதிகால் உயராத செருப்புக்கு மாறுங்கள். விரல்களுக்குப் பின்னால் பாதத்தைத் தாங்கும் சின்ன 'பேட்' வைத்தாலே பலருக்கு வலி குறையும். குறையவில்லையென்றால், ஸ்கேனில் பார்த்தபடியே சரியான இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடலாம். சர்க்கரைக்காரர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். ஆபரேஷன் கடைசி வழி. நரம்பையே வெட்டி எடுத்தால் அந்த விரலிடுக்கில் உணர்ச்சி இருக்காது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.