தசை தளர்ந்தால்தான் விறைப்பு

ஆண்மைக்குறைவு, நரம்புத் தளர்ச்சி, இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் இன்ன அறையில் வைத்தியர். இப்படி ஒரு நோட்டீஸ் ஒட்டாத பேருந்து நிலையக் கழிப்பறை தமிழ்நாட்டில் அபூர்வம். பஸ்ஸுக்கு நிற்கிற மனிதர் அதை ஓரக்கண்ணால் படித்துவிட்டு, பார்க்காததுபோல நகர்ந்துவிடுவார். உள்ளே நடப்பது என்ன என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அது அத்தனை அழகான ஏற்பாடு.

முதல் வியப்பு, விறைப்பு என்பது இறுக்கத்தால் வருவதல்ல. ஆண்குறிக்குள் நீளவாக்கில் இரண்டு உருளைகள் உண்டு. நுண்ணறைகள் நிறைந்த திசு அது. அறைச் சுவர்களில் இருப்பது மென்தசை, அதாவது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானே இயங்கும் தசை. நாளெல்லாம் இதை நரம்புகள் இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் உறுப்பு சுருங்கிக் கிடக்கிறது. பிடி தளர்ந்தால் ரத்தம் பாய்கிறது. பயந்தால் அட்ரினலின் சுரந்து பிடி மறுபடி இறுகும். முதலிரவில் தடுமாறும் புதுமாப்பிள்ளைக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான், நோயல்ல.

ரத்தம் வந்தால் மட்டும் போதாது, நிற்கவும் வேண்டும். திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்ப் பாசன ஊர்களில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வரத்துக்கால் எவ்வளவு ஓடினாலும் மடை திறந்து கிடந்தால் கண்மாய் பெருகாது. கண்மாய்க்கு மடை அடைக்க ஆள் வேண்டும். இந்த உருளைகளுக்கு வேண்டாம். அவற்றைச் சுற்றிக் கெட்டியான உறை ஒன்று இருக்கிறது. ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் நுண்சிரைகள் திசுவுக்கும் உறைக்கும் நடுவே ஓடுகின்றன. திசு வீங்க வீங்க அவை உறையோடு நசுங்கி அடைபடும். நீர் ஏறினால் தானே மூடிக்கொள்ளும் மடை! அப்போது உள்ளே இருக்கும் அழுத்தம், பிரஷர் கருவி காட்டும் மேல் எண்ணை நெருங்கிவிடும்.

தளரச் சொல்லி உத்தரவு கொண்டுபோவது ஒரு வாயு. வாகனப் புகையில் வெளிவரும் அதே நைட்ரிக் ஆக்சைடு. நரம்பு முனையும் ரத்தக்குழாயின் உட்படலமும் அதைச் சுரக்கின்றன. சில நொடிகளே அதற்கு ஆயுள். அதற்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற மூலக்கூறைப் பெருக்கி, தசையைத் தளர்த்திவிடுகிறது. ரத்தக்குழாய்களில் இந்த வாயு செய்யும் வேலையைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே ஆண்டு மார்ச்சில் சில்டெனாஃபில், அதாவது வயாகரா, அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஃபைசர் நிறுவனம் அதை முதலில் நெஞ்சுவலிக்குத்தான் சோதித்தது. சோதனைக்கு வந்த ஆண்கள் சொன்ன பக்கவிளைவு மருந்தின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது. மாத்திரை எதையும் தொடங்கிவைப்பதில்லை. சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆசை எழாவிட்டால் மாத்திரைக்கு வேலையில்லை. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் இதே வாயுவின் வழியில்தான் வேலை செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும். மூலிகை என்று விற்ற பொட்டலங்களில் சில்டெனாஃபில் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இதய நோயாளிகள் அவற்றைத் தொடவே கூடாது.

உறக்கத்திலும் இந்த ஏற்பாடு ஓய்வதில்லை. நலமான ஆணுக்குக் கனவுறக்கத்தின்போது, இரவில் மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு வரும். கனவில் என்ன வந்தாலும் சரி. 1980 வாக்கில் மருத்துவர்கள் இதற்கு ஒரு எளிய சோதனை வைத்திருந்தார்கள். படுக்கும்போது தபால்தலை வரிசை ஒன்றை உறுப்பைச் சுற்றி ஒட்டச் சொல்வார்கள். காலையில் துளைவரிசை கிழிந்திருந்தால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரி, தடை மனதில் இருக்கக்கூடும் என்று கொள்வார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது ரத்தக்குழாய்களின் விட்டம். ஆண்குறியின் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர், இதயத்துக்குப் போகும் தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். சர்க்கரையும் கொழுப்பும் பீடிப் புகையும் உட்படலத்தை எங்கும் ஒன்றுபோலத்தான் கெடுக்கின்றன. ஆனால் சிறிய குழாய் முதலில் அடைபடும். அதனால் விறைப்புக் குறைபாடு பலருக்கு நெஞ்சுவலிக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. நாற்பது வயதுக்காரர் வெட்கப்பட்டு மறைப்பது அவருடைய இதயம் முன்கூட்டியே போட்ட கடிதமாக இருக்கலாம்.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏழில் ஒருவருக்கு, சர்க்கரை நோய். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இல் தொடங்கியபின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவருகிறவர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். அவரிடம் விறைப்புக் குறைபாட்டைப் பற்றி எந்த ஆண் சொல்வார்? மருத்துவர்தான் கேட்க வேண்டும். சர்க்கரை பார்க்கிற நாளில், கால் மரத்துப்போகிறதா என்று கேட்கிற அதே மூச்சில், காலையில் விறைப்பு வருகிறதா என்றும் கேட்டுவிடலாம். அரை நிமிடம் ஆகாது.