மஞ்சள் சட்டை யாருக்குச் சொந்தம்?

திருவண்ணாமலைத் தேரடி வீதிக் கடைகளில் என்ன கிடைக்கும் என்பது இங்கு ஒருமுறை வந்து சென்றவர்களுக்கும் தெரியும். அகல் விளக்கு, உருத்திராட்ச மாலை, அண்ணாமலையார் படம், காவித் துண்டு, குழந்தைகளுக்குப் பொம்மை. சில ஆண்டுகளாக இவற்றோடு இன்னொரு சரக்கும் கயிற்றில் தொங்குகிறது. முதுகில் 'தோனி' என்ற பெயரும் அதன்கீழ் 7 என்ற எண்ணும் அச்சிட்ட மஞ்சள் ஜெர்சிதான் அது. சித்ரா பௌர்ணமியும் ஐ.பி.எல். பருவமும் ஒன்றாக வருவதால், 14 கி.மீ. கிரிவலப் பாதையில் அந்த நாள்களில் இதன் விற்பனை கூடுகிறது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 2025-ஆம் ஆண்டில் 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்துக்குச் சென்றது. விற்பனை குறைந்ததா என்று ஒரு கடைக்கார அம்மையாரிடம் கேட்டேன். "தோத்தா என்னங்க சார், தோனி பேரு போட்டது போயிடும், வேற பேரு போட்டதுதான் நிக்கும்" என்றார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் தேவைக் கோட்பாட்டைப் போதித்தவன் என்ற முறையில் இந்த விடையில் எனக்கு ஆர்வம் பிறந்தது.

விளையாட்டைப் பற்றிய பொருளியல் ஆய்வு அமெரிக்க பேஸ்பாலில் இருந்துதான் தொடங்கியது. சைமன் ராட்டன்பர்க் என்ற பொருளியலாளர் 1956-இல் பேஸ்பால் வீரர்களின் உழைப்புச் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரையை அத்துறையின் தொடக்கம் என்பார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து வால்டர் நீல், தொழில்முறை விளையாட்டில் உள்ள ஒரு விசித்திரத்தைச் சுட்டிக்காட்டினார். சோப்பு விற்பவருக்குப் போட்டி நிறுவனம் ஒழிந்தால் மகிழ்ச்சி. ஓர் அணிக்கோ, எதிரணி ஒழிந்தால் விற்பதற்கே எதுவும் இல்லை. ஆட்டம் என்ற பண்டத்தை எந்த அணியும் தனியே உற்பத்தி செய்ய முடியாது. இந்தத் தருக்கத்தை அமெரிக்கர்கள் தொப்பிக்கும் சட்டைக்கும்கூட நீட்டினார்கள். பேஸ்பால் அணிகளின் சின்னம் பொறித்த பொருள்களுக்கு நாடு தழுவிய அளவில் வரும் உரிமத் தொகை, புகழ்பெற்ற நியூயார்க் யாங்கீஸ் உள்பட 30 அணிகளுக்கும் சமமாகப் பகிரப்படுகிறது.

நீல் நிறுத்திய இடத்திலிருந்து ஓரடி முன்னே செல்லலாம் என்பது என் கருத்து. ஆட்டத்தை உற்பத்தி செய்வதில் இரு அணிகளைத் தவிர மூன்றாவது பங்காளி ஒருவர் இருக்கிறார். அவர் ரசிகர். சேப்பாக்கம் அரங்கம் முழுவதும் மஞ்சளாக இல்லாவிட்டால் தொலைக்காட்சியில் காட்டப்படும் அந்தக் காட்சிக்கு என்ன மதிப்பு? 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமம் 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. அந்தத் தொகைக்குள் ரசிகர் தம் சொந்தப் பணத்தில் வாங்கி அணிந்துவரும் சட்டையின் பங்கும் அடங்கியிருக்கிறது. விளம்பரதாரர் பெயரைத் தம் மார்பில் சுமந்துசெல்ல அவர் கூலி வாங்குவதில்லை. அவர்தான் பணம் கொடுக்கிறார்.

இந்த அணியின் வரலாறு தெரிந்ததுதான் என்றாலும், சட்டையின் பக்கமிருந்து அதை ஒருமுறை பார்க்கலாம். 2008-இல் இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனம் சென்னை அணியை 9.1 கோடி டாலருக்கு வாங்கியது. முதல் ஏலத்திலேயே அதிக விலையாக 15 லட்சம் டாலர் கொடுத்து ராஞ்சிக்காரரான மகேந்திர சிங் தோனியை எடுத்தது. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகள் கிடைத்தன. 2025 வரை 16 பருவங்களில் பத்து முறை இறுதியாட்டம். தொடக்க ஆண்டுகளில் சட்டையின் நெஞ்சுப் பகுதியில் இருந்த பெயர் ஏர்செல். அந்தத் தொலைபேசி நிறுவனம் 2018-இல் திவாலானது. பிறகு முத்தூட், மிந்த்ரா, டி.வி.எஸ். யூரோகிரிப், எதிஹாட் எனப் பெயர்கள் மாறின. அணி தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டு, பங்குச் சந்தைக்கு வெளியே அதன் பங்குகள் கைமாறுகின்றன. தாய் நிறுவனமான இந்தியா சிமென்ட்ஸே 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் வசம் போய்விட்டது. மாறாமல் நின்றவை மஞ்சளும் சிங்கமும்தாம். 2021-இல் ராணுவத்தினரைச் சிறப்பிக்கும் வகையில் தோளில் பச்சைப் புள்ளி வடிவம் சேர்ந்ததை வேண்டுமானால் ஒரு மாற்றமாகச் சொல்லலாம்.

ரசிகரின் பற்று எவ்வளவு ஆழமானது என்பதை அறிய இடையில் ஒரு சோதனையே நடந்தது. 2013-ஆம் ஆண்டு சூதாட்ட விவகாரத்தைத் தொடர்ந்து, நீதியரசர் லோதா குழு 2015 ஜூலையில் சென்னை, ராஜஸ்தான் அணிகளுக்கு இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. தோனி புணே அணிக்கு ஆடச் சென்றார். கோட்பாட்டின்படி, ரசிகர் என்ற நுகர்வோர் மாற்றுப் பண்டத்துக்குத் தாவியிருக்க வேண்டும். ஆனால் தோனியின் பின்னால் சென்று புணே அணியின் சட்டையை அணிந்தவர்களை இந்த ஊரில் நான் பார்க்கவில்லை. 2018-இல் அணி திரும்பியது. சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம். காவிரிப் போராட்டத்தின் காரணமாக மீதி உள்ளூர் ஆட்டங்கள் புணேவுக்கு மாற்றப்பட்டன. 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று பெயரிட்ட சிறப்பு ரயிலில் ஏறத்தாழ ஆயிரம் ரசிகர்கள் அங்கே சென்றனர். தோனி என்ற பெயர் இல்லாமல் சட்டை விற்காது, சட்டை மஞ்சளாக இல்லாமல் தோனி பெயரும் விற்காது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

பேஸ்பாலில் இதைவிடக் கசப்பான அனுபவம் உண்டு. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதி மக்கள் உயிராகக் கருதிய டாட்ஜர்ஸ் அணியை, அதன் உரிமையாளர் 1957-ஆம் ஆண்டுப் பருவத்தோடு லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாற்றிக்கொண்டு போனார். அந்த அணியின் 'பி' எழுத்துத் தொப்பி இன்றும் விற்கிறது. அணியை இழந்த மக்களின் பேரன் பேத்திகள் நினைவாக அதை வாங்குகிறார்கள். அதன் உரிமத் தொகையும் லீக்கின் கணக்குக்கே போகிறது.

யாங்கீஸ் அணியின் சட்டையில் வீரர் பெயரே இருக்காது, எண் மட்டும்தான். வீரன் வருவான், போவான். அணி நிற்கும் என்பது அதன் பொருள். அவர்களிடமும் 7 என்ற எண் புகழ்பெற்றது. மிக்கி மேன்டில் அணிந்த அந்த எண்ணை 1969-இல் வேறு எவருக்கும் தருவதில்லை என்று ஒதுக்கி வைத்தார்கள். இந்திய அணியிலும் தோனியின் 7 அவ்வாறே ஒதுக்கப்பட்டுவிட்டது. சென்னை அணியின் சட்டை வியாபாரம் முழுவதும் ஒரு மனிதரின் பெயரில் தொங்குகிறது என்பதை அதன் நிர்வாகம் உணராமல் இருக்காது. (அந்த மனிதருக்குத் தமிழர்கள் இட்ட 'தல' என்ற பட்டப்பெயரும் திரையுலகில் அஜித்துக்கு வழங்கியதே. அவர் தம்மை அப்படி அழைக்க வேண்டாம் என்று 2021-இல் கேட்டுக்கொண்டார். தோனிக்கு அது நிலைத்துவிட்டது.)

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். தேரடி வீதியில் 250 ரூபாய்க்குக் கிடைக்கும் சட்டைக்கு உரிமம் கிடையாது. அணியின் அதிகாரபூர்வச் சட்டை இதைப்போலப் பல மடங்கு விலை. இணையத்தில் வாங்க வேண்டும். 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 103-ஆவது பிரிவு, பொய்யான வணிகக் குறியைப் பயன்படுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அத்தகைய சரக்கை விற்பவரும் அடுத்த பிரிவின்கீழ் வருகிறார். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி, பதிவாளரின் கருத்தைப் பெற்றபின் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். பாயில் பரப்பி விற்பவரின் ஒரு பருவ முதலீடு ஒரே மாலையில் போய்விடக் கூடும்.

ஆனால், இந்தச் சரக்கு முழுவதையும் 'போலி' என்ற ஒரே சொல்லால் தள்ளிவிட முடியாது. சிங்கச் சின்னத்தையும் விளம்பரதாரர் பெயரையும் அப்படியே அச்சிட்டது ஒரு வகை. இது குற்றம் என்பதில் ஐயமில்லை. சின்னம் இல்லாமல் 7, 'தல' என்று மட்டும் போட்டவை இன்னொரு வகை. இங்கே வழக்கறிஞர்களுக்கு வேலை இருக்கிறது. வெறும் மஞ்சள் பனியன் மூன்றாம் வகை. மஞ்சள் நம் வீட்டு வாசற்படியில் பூசும் நிறம், அம்மன் கோயிலுக்கு மாலை போடுவோர் உடுத்தும் நிறம். அதற்கு எந்த அணியும் பட்டா வாங்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு இதில் பழைய முன்மாதிரி ஒன்றும் உண்டு. கரைவேட்டிதான் அது. கட்சியின் நிறங்களைக் கரையில் நெய்து விற்க எந்தக் கட்சியும் உரிமத் தொகை கேட்டதில்லை. யார் வேண்டுமானாலும் நெய்யலாம், விற்கலாம். அந்த வேட்டி எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவு கட்சிக்கு லாபம் என்று தலைவர்கள் அறிந்திருந்தனர். நம் ஊர்க் கடைக்காரர் மஞ்சள் சட்டையையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார். திருட்டு என்ற எண்ணமே அவருக்கு எழுவதில்லை.

அணியின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. மலிவு விலைச் சட்டை வாங்குபவர் எப்படியும் அதிகாரபூர்வச் சட்டையை வாங்கப் போவதில்லை, எனவே இழப்பே இல்லை என்று சொல்வது எளிது. பாடநூல்களைத் திருட்டுத்தனமாக அச்சிடுவோரும் இதே வாதத்தைத்தான் சொல்கிறார்கள். நூல் எழுதும் ஆசிரியர்களுக்கு அது இனிப்பதில்லை. முதல் சலவையிலேயே சாயம் போகும் துணி, கணக்கில் வராத கூலி, கட்டப்படாத வரி ஆகியவையும் 250 ரூபாய்க்குப் பின்னால் இருக்கின்றன.

என் குறை வேறு. அணி நிர்வாகம் உயர்ந்த விலையில் ஒரே ஒரு படிக்கட்டை வைத்துவிட்டு, கீழே நிற்பவர்களைச் சட்டத்தின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. ஒரே பண்டத்தை வெவ்வேறு வாங்கும் திறன் உள்ளவர்களுக்கு வெவ்வேறு விலையில் விற்பது பொருளியலின் பாலபாடம். திரையரங்குகள் தரை டிக்கெட் காலத்திலிருந்து அதைச் செய்துவந்தன. தைத்த சின்னத்துக்குப் பதில் அச்சிட்ட சின்னம், எளிய துணி, விளம்பரதாரர் பெயர் இல்லாத நெஞ்சுப் பகுதி என 'ஊர்ப் பதிப்பு' ஒன்றைக் கொண்டுவரலாம். சட்டை ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் உரிமத் தொகை. போலியைப் பிரித்தறிய ஒளிரும் ஒட்டுச்சீட்டு. இதை எத்தனை உற்பத்தியாளர் கேட்டாலும் தர வேண்டும்.

ஒரே நிறுவனத்துக்கு முழு உரிமம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவில் சான்று இருக்கிறது. அங்குள்ள கால்பந்து லீக், அணித் தொப்பிகளுக்கான உரிமத்தை ரீபோக் நிறுவனத்துக்கு மட்டும் கொடுத்தது. பல ஆண்டுகளாகத் தொப்பி செய்துவந்த அமெரிக்கன் நீடில் என்ற நிறுவனம் நீதிமன்றம் சென்றது. 32 அணிகளும் சேர்ந்து உரிமம் வழங்குவதை ஒரே நிறுவனத்தின் செயலாகக் கருதிப் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்க முடியாது என்று 2010-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது.

யார் தைப்பது? நம்மிடம் திருப்பூர் இருக்கிறது. ஆனால் அது பருத்திப் பின்னலாடையில் வளர்ந்த ஊர். விளையாட்டுச் சட்டைக்கு வேண்டியது பாலியெஸ்டர் துணியும், அதில் வெப்பத்தால் சாயத்தை ஏற்றும் சப்ளிமேஷன் அச்சும். இவ்வகை உடையில் லூதியானா, ஜலந்தர், மீரட் போன்ற வட இந்திய ஊர்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. செயற்கை இழைக்கு மாற வேண்டும் என்று திருப்பூர் ஏற்றுமதியாளர்களே பல ஆண்டுகளாகப் பேசிவருகின்றனர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது, வெளிநாட்டு ஆணைகளை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்து எல்லாருக்கும் தெரிந்தது. தமிழ்நாடு முழுவதும் ஆண்டுதோறும் தவறாமல் வாங்கப்படும் ஒரு சட்டை, சிறு பனியன் கூடங்களுக்குப் புதிய துணியில் கைபழக நல்ல வாய்ப்பு. விற்பனைக்குக் கோ-ஆப்டெக்ஸ் கடைகளையும் மாவட்டத் தலைநகரங்களில் உள்ள சிறு வியாபாரிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐ.பி.எல். ஆட்டங்கள் வழக்கமாக மார்ச் இறுதியில் தொடங்குகின்றன. சரக்கு மார்ச் முதல் வாரத்தில் போளூருக்கும் செங்கத்துக்கும் வந்து சேர வேண்டுமானால், துணி ஜனவரியில் வெட்டுமேசைக்கு ஏற வேண்டும். உரிமம் குறித்த அறிவிப்பு தீபாவளியை ஒட்டியாவது வந்தால்தான் சிறு கூடங்கள் நூலுக்கு முன்பணம் கட்ட முடியும்.